நீர்மட்டத்துக்கு மேலே வைத்த நீச்சல்குள பம்ப் காற்று இழுக்கிறது, பெரிய மோட்டார் போடலாமா?

மலைவீடு:
வணக்கம். ஏற்காட்டில் எங்கள் விருந்தினர் விடுதியில் சின்னதாக ஒரு நீச்சல்குளம் கட்டியிருக்கிறோம், சுமார் 60,000 லிட்டர் பிடிக்கும். குளத்தின் கீழ்ப்பக்கம் நல்ல சரிவு, அங்கே பம்ப் ரூமுக்கு இடமே இல்லை. அதனால் மேல்பக்கம், சாலையை ஒட்டிக் கட்டினோம். பம்ப் நிற்பது தண்ணீர் மட்டத்தைவிட 6 அடி உயரத்தில். குளத்திலிருந்து பம்ப் வரை பைப் நீளம் 40 அடி. ஒன்றரை எச்பி, சிங்கிள் ஃபேஸ், முன்னால் கூடையும் கண்ணாடி மூடியும் உள்ள நீச்சல்குள பம்ப்தான். செல்ஃப் பிரைமிங் (பைப்பில் உள்ள காற்றைத் தானே வெளியே தள்ளித் தண்ணீர் எடுக்கும் வகை) என்று பெட்டியிலேயே போட்டிருக்கிறது.

காலையில் மூடியைத் திறந்து, கூடை நிறையத் தண்ணீர் ஊற்றி ஓடவிட்டால் சில நாள் தண்ணீர் எடுப்பதே இல்லை. எடுக்கிற நாளிலும் மூடிக்குள் பாதி அளவுதான் தண்ணீர் நிற்கிறது, மீதி நுரை. குளத்துக்குத் தண்ணீர் திரும்பும் வாயில் குமிழ் குமிழாக வருகிறது, ஃபில்டர் மீட்டரின் முள் ஆடிக்கொண்டே இருக்கிறது. நிறுத்திய கொஞ்ச நேரத்தில் பைப்பில் உள்ள தண்ணீர் குளத்துக்கே இறங்கிவிடுகிறது. இத்தனைக்கும் எந்த ஜாயின்டிலும் ஒரு சொட்டு ஒழுகல் இல்லை. பிளம்பர் மோட்டார் பத்தாது, 2 எச்பி போடுங்கள் என்கிறார். போடலாமா?

கிணத்துமேடு:
ஃபுட் வால்வு (பைப்பின் அடிநுனியில் தண்ணீர் திரும்ப இறங்காமல் தடுப்பது) போட்டீர்களா? எங்கள் தோட்டத்தில் மோட்டார் கிணற்றுக்கு மேலேதான் இருக்கிறது. ஃபுட் வால்வு சரியாக இருந்தால் சுவிட்சைப் போட்டதும் தண்ணீர் வரும்.

பழைய ஃபிட்டர்:
கிணற்றுக்கு அது சரி அண்ணா. நீச்சல்குளத்தில் அடித்தண்ணீரை இழுக்கும் மெயின் டிரெய்ன் தரை கான்கிரீட்டோடு புதைந்திருக்கும், மேல்மட்டத் தண்ணீரை இழுக்கும் ஸ்கிம்மர் சுவருக்குள் இருக்கும். ஃபுட் வால்வை எங்கே தொங்கவிடுவது?

மலைவீடு, 2 எச்பி வாங்கிவிடாதீர்கள். பம்ப் தண்ணீரை இழுப்பதாக நாம் சொல்கிறோமே தவிர, அது பைப்புக்குள் அழுத்தத்தைக் குறைக்க மட்டும்தான் செய்கிறது. தண்ணீரை மேலே தள்ளுவது வெளிக்காற்று. கடல் மட்டத்தில் அந்தக் காற்றால் அதிகபட்சம் 10.3 மீட்டர் வரை தள்ள முடியும். ஏற்காடு சுமார் 1,500 மீட்டர் உயரம், அங்கே அது ஏறக்குறைய 8.6 மீட்டராகக் குறையும். உங்கள் ஏற்றம் 6 அடி, 2 மீட்டர்கூட இல்லை. மலை என்பதால் கொஞ்சம் இழப்பு உண்டு, ஆனால் உங்கள் பிரச்சினைக்கு அது காரணம் இல்லை. பெரிய மோட்டார் போட்டால் அதே பைப்பில் தண்ணீர் இன்னும் வேகமாக ஓட வேண்டும், உராய்வு கூடும், சக்‌ஷனில் (குளத்திலிருந்து பம்புக்கு வரும் பக்கத்தில்) அழுத்தம் இன்னும் இறங்கும். காற்று புகும் இடம் இருந்தால் அதிகமாகவே புகும்.

ஒழுகல் இல்லை என்பதை வைத்து எதுவும் முடிவு செய்ய முடியாது. சக்‌ஷன் பக்கம் ஓட்டை இருந்தால் ஓடும்போது காற்று உள்ளே போகுமே ஒழிய தண்ணீர் வெளியே வராது. நீங்கள் சொன்னதில் எனக்கு முக்கியமாகப் படுவது, நிறுத்தியதும் தண்ணீர் இறங்குவதுதான். குளத்துக்குள் இரண்டு பக்க வாய்களும் தண்ணீரில் மூழ்கியிருந்து, நடுவில் எங்கேயும் காற்று புகாவிட்டால், வால்வே இல்லாமல்கூட அந்தத் தண்ணீர் பைப்பில் நிற்கும். இறங்குகிறது என்றால் எங்கோ காற்று புகுகிறது.

முதலில் கூடை மூடியின் ஓ-ரிங்கைக் கழற்றித் துடையுங்கள், பள்ளத்தில் மணல் இருக்கும். சிலிக்கான் கிரீஸ் தடவி மாட்டுங்கள். வாசலின் வேண்டாம், பெட்ரோலியம் பட்டால் சில வகை ரப்பர் ஊதிவிடும். கூடைக்கு அடியில் உள்ள டிரெய்ன் பிளக்கையும் மறக்காதீர்கள். குளத்தில் தண்ணீர் ஸ்கிம்மர் வாயின் பாதி உயரத்துக்காவது இருக்க வேண்டும். இதெல்லாம் சரி என்றால், பம்ப் ஓடும்போது தரைக்கு மேலே தெரிகிற ஒவ்வொரு ஜாயின்டிலும் வால்வு கைப்பிடித் தண்டிலும் ஷேவிங் நுரையைத் தடவுங்கள். ஓட்டை உள்ள இடத்தில் நுரை உள்ளே போய் குழி விழும்.

பைப் என்ன அளவு, எந்த வழியாக வருகிறது என்றும் சொல்லுங்கள்.

மலைவீடு:
ஓ-ரிங், பிளக் இரண்டையும் பார்த்தாயிற்று, மாற்றம் இல்லை. நுரை தடவியதில் பம்ப் வாயில் உள்ள யூனியனில் (கழற்றி மாட்டும் இணைப்பில்) நன்றாகக் குழி விழுகிறது! பைப் 2 இன்ச் யுபிவிசி, ஷெட்யூல் 40. யூனியன் பம்போடு பெட்டியில் வந்தது. பைப் மண்ணுக்கு மேலே வந்து பம்ப் ரூம் சுவரைத் தாண்டி உள்ளே இறங்குகிறது. அந்தத் தாண்டும் இடம் பம்ப் வாயைவிட ஓர் அடி உயரம். அங்கிருந்து ஓர் எல்போ, எல்போ முடிந்ததும் பம்ப்.

பழைய ஃபிட்டர்:
கண்டுபிடித்துவிட்டீர்கள். யூனியன் முகத்தில் 63 என்று எழுதியிருக்கிறதா பாருங்கள். இன்ச் கணக்கில் 2 இன்ச் பைப்பின் வெளிவிட்டம் 60.3 மில்லிமீட்டர். மெட்ரிக் கணக்கில் வருவது 63. கடையில் இரண்டையும் ‘ரெண்டு இன்ச்’ என்றேதான் கேட்டு வாங்குகிறோம். 63 சாக்கெட்டுக்குள் 60.3 பைப்பை விட்டு, இடைவெளியைச் சொல்யூஷன் ஊற்றி நிரப்பினால் பார்வைக்கு ஒட்டியதாகவே இருக்கும். அந்தச் சொல்யூஷன், அதாவது சால்வென்ட் சிமென்ட், பைப்பின் மேல்தோலை உருக்கி ஒட்டும் பொருள், பள்ளம் அடைக்கும் பொருள் இல்லை. காய்ந்து சுருங்கியதும் மயிரிழைக் கால்வாய் விழும். டெலிவரியில் (பம்பிலிருந்து தண்ணீர் வெளியேறும் பக்கத்தில்) இதே வேலையைச் செய்திருந்தால் ஒழுகிக் காட்டிக்கொடுத்திருக்கும். யூனியனை வெட்டி எடுத்துவிட்டு, பைப் அளவுக்கான டெயில் பீஸ் (யூனியனில் பைப் ஒட்டும் துண்டு) வாங்கிப் போடுங்கள்.

சுவரைத் தாண்டும் மேட்டையும் எடுத்துவிடுங்கள். சக்‌ஷன் பைப் குளத்திலிருந்து பம்ப் வரை ஏறிக்கொண்டே வர வேண்டும், நடுவில் மேடு இருந்தால் அங்கே காற்று தங்கும். சுவரில் ஓட்டை போட்டு, பம்ப் வாய்க்கு நேராக ஓர் அடியாவது எல்போ இல்லாமல் வரட்டும்.

பிரைமிங் பற்றி. உங்கள் 40 அடி பைப்புக்குள் 26 லிட்டர் காற்று இருக்கிறது. நீங்கள் ஊற்றுவது கூடைக்குள் சில லிட்டர் தண்ணீர். அதை வைத்துச் சுழன்றுதான் பம்ப் அத்தனை காற்றையும் வெளியே தள்ள வேண்டும், அதனால் சில நிமிஷம் ஆவது இயல்பு. அதற்கு எதிரே மணல் ஃபில்டர் நிறையத் தண்ணீர் நின்றால் காற்று போக வழி இல்லாமல் முட்டும். மோட்டாரை நிறுத்திவிட்டு மல்டிபோர்ட் (ஃபில்டரின் பலவழி வால்வு) கைப்பிடியை ரீசர்குலேட்டில், அதாவது தண்ணீர் ஃபில்டருக்குள் போகாமல் திரும்பும் நிலையில், வையுங்கள், ஃபில்டர் தலையில் உள்ள காற்றுத் திருகைத் திறந்துவிடுங்கள், அப்புறம் ஓட்டுங்கள். தண்ணீர் எடுக்காமல் ஓடவிட்டுப் போய்விடாதீர்கள். மெக்கானிக்கல் சீல் கருகும், சூட்டில் பிவிசி வாய் கோணும். டைமர் போட்டிருந்தால், தண்ணீர் இல்லாவிட்டால் மோட்டாரை நிறுத்தும் ட்ரை ரன் ரிலேயும் போடுங்கள். கரன்ட் போய் வந்த பிறகு பம்ப் வெறும் காற்றில் ஓடிக்கொண்டிருப்பதை யாரும் பார்த்துக்கொண்டிருக்க மாட்டார்கள்.

நீலக்கரை:
இடையில் ஒன்று. பரிசோதனைக்காக ஸ்கிம்மர் வால்வை மூடி மெயின் டிரெய்னை மட்டும் திறந்து ஓட்டுவீர்கள் என்றால், குளத்தில் யாரும் இருக்கக் கூடாது, குழந்தைகள் கிட்டவே வரக் கூடாது. முழு இழுப்பும் ஒரே வாயில் விழும். அமெரிக்காவில் 2002இல் சுடுநீர்த் தொட்டி டிரெய்னின் இழுப்பில் சிக்கி ஒரு சிறுமி இறந்தாள், அவள் பெயரிலேயே 2007இல் சட்டம் வந்தது. விடுதி என்கிறீர்கள். மெயின் டிரெய்ன் ஒன்றுதான் என்றால், மூன்று அடியாவது தள்ளி இன்னொன்று போட்டு இரண்டையும் இணைப்பது நல்லது. மேல்மூடி தட்டையான சல்லடையாக இல்லாமல் குவிந்த வகையாக இருக்கட்டும்.

மலைவீடு:
யூனியனில் 63 என்றுதான் இருந்தது. வெட்டிப் பார்த்தபோது ஒரு பக்கம் சொல்யூஷன் பொரபொரவென்று உதிர்ந்தது. டெயில் பீஸ் சேலத்தில் கிடைத்தது. மேட்டையும் எடுத்து நேராக்கியாயிற்று. இப்போது மூடிக்குள் தண்ணீர் முழுக்க நிற்கிறது, முள் ஆடவில்லை, நிறுத்தினாலும் இறங்கவில்லை. மோட்டார் அதேதான். மெயின் டிரெய்ன் ஒன்றுதான் இருக்கிறது, குளத்தை வடிக்கும்போது இரண்டாவது போட்டுவிடுவோம். கடைசியாக ஒரு கேள்வி: இருந்தாலும் ஒரு என்ஆர்வி (தண்ணீரை ஒரு பக்கம் மட்டும் விடும் வால்வு) போடலாம் என்கிறார் பிளம்பர். பம்ப் பக்கத்திலா, குளத்துப் பக்கத்திலா?

பழைய ஃபிட்டர்:
குளத்துப் பக்கத்தில், நீர்மட்டத்துக்குக் கீழே, படுக்கையாகப் போகும் பைப்பில். திறந்து பார்க்கிற மாதிரி ஒரு சேம்பர் கட்டி ஸ்விங் வகை போடுங்கள், ஸ்பிரிங் வகை தேவையில்லாமல் தடுக்கும். அங்கே போட்டால் 40 அடியும் நிறைந்தே நிற்கும், அதன் மூடி வழியாகக் காற்று புகும் பயமும் குறைவு. பம்ப் ஓரத்தில் போட்டால் கூடைத் தண்ணீர் மட்டும்தான் மிஞ்சும், அது எப்படியும் மிஞ்சத்தான் போகிறது.