தலைகீழாய்த் தொங்குகிறவன்: 12ஆம் அட்டை மேசையில் விழும்போது

வெள்ளவத்தையிலிருந்து

கொழும்பில் டாரோ என்ற பட அட்டைகளை விரித்துப் பொருள் சொல்லும் நாங்கள், அதன் 12ஆம் அட்டையைப் பற்றி மட்டும் இந்த முறை பகிர்வோம். வாசிப்புக் கேட்டு வந்தவரின் பெயர், ஊர், தொழில் எதுவும் வேண்டாம். அட்டை எந்த இடத்தில் விழுந்தது, எப்படிச் சொன்னால் விளங்கியது, எங்கே பிழைத்தது என்பது போதும்.

பெயரிலிருந்தே தொடங்குகிறேன், பிழையும் அங்கேதான் தொடங்குகிறது. சிலர் இதைத் ‘தூக்கிலிடப்பட்டவன்’ என்று சொல்லிவிடுகிறார்கள். ‘தூக்கு’ என்றதும் எதிரில் இருப்பவரின் கை தன்னையறியாமல் கழுத்துக்குப் போகும். நம்மவர்களிடையே அந்தச் சொல்லுக்குப் பின்னால் எத்தனையோ வீடுகளின் துக்கம் இருக்கிறது. அட்டையில் கயிறு இருப்பது வலது கணுக்காலில். ‘தலைகீழாய்த் தொங்குகிறவன்’ என்றே சொல்லுங்கள். பொருள் சொல்ல முன் அட்டையை அவர் பக்கம் நகர்த்தி, கயிறு எங்கே கட்டியிருக்கிறது என்று அவரையே பார்க்கச் சொன்னால் பாதிப் பயம் போய்விடும். அப்படியும் முகம் தெளியாவிட்டால், அந்த விதமாக யாரையோ இழந்தவராக இருக்கலாம். அதோடு வாசிப்பை நிறுத்துங்கள். அட்டையைக் கவிழ்த்து வைத்துவிட்டு, தேத்தண்ணி கொடுத்துக் கதையுங்கள். உயிரை விடும் எண்ணம் பேச்சில் தட்டுப்பட்டால் 1926 என்ற மனநல உதவி இலக்கத்தை எழுதிக் கையில் கொடுங்கள்.

கொட்டாஞ்சேனையிலிருந்து

அக்கா சொன்ன கயிற்றோடு மரத்தையும் முகத்தையும் கைகளையும் காட்டுங்கள். 1909இல் லண்டனில் ரைடர் பதிப்பகம் வெளியிட்ட அட்டைக் கட்டைத்தான் நம்மில் பெரும்பாலானோர் வைத்திருக்கிறோம். ஆர்தர் எட்வர்ட் வெயிட் கருத்துச் சொல்ல, பமீலா கோல்மன் ஸ்மித் வரைந்தது. அதில் மரம் ஆங்கில ‘டி’ எழுத்துப் போல நிற்கிறது, அதில் இலைகள் இருக்கின்றன. அது உயிருள்ள மரம் என்பதை வெயிட்டே எடுத்துச் சொல்கிறார். முகத்தில் தெரிவது வேதனையல்ல, ஆழ்ந்த லயிப்பு என்பதும் அவருடைய குறிப்புத்தான். இடது கால் மடிந்து வலது காலுக்குப் பின்னால் குறுக்கே போகிறது. தலையைச் சுற்றி மஞ்சள் ஒளிவட்டம். கைகள் முதுகுக்குப் பின்னால் இருக்கின்றன, ஆனால் அவை கட்டப்பட்டிருக்கின்றனவா, தானாகவே பின்னுக்கு வைத்திருக்கிறானா என்பது படத்தில் தெரியாது. வாசிப்பின் திறப்பு அந்த இடத்தில்தான் இருக்கிறது.

தூக்குக்காவடியைக் கிட்ட நின்று பார்த்தவர்களுக்கு அந்த முகம் புதிதல்ல. முதுகுத் தோலைச் செடில் கொக்கிகள் இழுத்துப் பிடித்திருக்கும், ஒவ்வொரு குலுக்கலுக்கும் தோல் கூடாரம் போல எழும். கண்கள் அரைவாசி மூடியிருக்கும், தாடை தளர்ந்திருக்கும். கீழே நிற்கிற தாய்தான் அழுவாள். நேர்த்தி வைத்தவர் தானே ஏறியது அது. அட்டையும் அந்த நிலையைத்தான் சொல்கிறது.

இதன் பழைய முகம் வேறு. இத்தாலியில் இந்த அட்டைக்குத் ‘துரோகி’ என்றும் பெயர் இருந்தது. அங்கே துரோகிகளை ஒற்றைக்காலில் தலைகீழாகத் தொங்குவதாகப் பொதுச் சுவர்களில் வரைந்து அவமானப்படுத்தும் வழக்கம் இருந்தது. பிறகு 1781இல் பிரான்சின் எழுத்தாளர் கூர் த ஜெப்லான், இது அச்சடித்தவரின் தவறு, படத்தை நிமிர்த்தினால் ஒரு காலை ஊன்றி மறுகாலை எங்கே வைப்பது என்று பார்க்கும் ‘விவேகம்’ என்றார். அவர் சொன்ன வரலாறு பிழை. ஆனால் அந்தப் பார்வை பயன்படும், அடுத்த அடி எங்கே என்று தெரியும்வரை காலைத் தூக்கியே வைத்திருக்கும் ஒருவரின் அட்டையாக இதைப் படிக்கலாம். பழைய பிரெஞ்சுப் பாணியான மார்செய் கட்டு வைத்திருப்பவர்கள் கவனியுங்கள்: அதில் அவன் இடது காலில் தொங்குகிறான், இரு பக்கமும் கிளை வெட்டிய மரங்கள், பக்கத்துக்கு ஆறு வெட்டுத் தழும்புகள். ஸ்மித்தின் இலைகளுக்குச் சொல்லும் பொருளை அந்தக் கட்டில் ஏற்ற முடியாது.

தெகிவளையிலிருந்து

கொழும்பில் இந்த அட்டை அதிகம் சந்திக்கிற கேள்வி வீசாதான். ஸ்பொன்சர் போட்டாயிற்று, கைரேகை கொடுத்தாயிற்று, மருத்துவப் பரிசோதனை முடிந்தாயிற்று, பதில் இல்லை. அதற்கடுத்து காணி வழக்கு. இரண்டிலும் வாசிப்பவர்கள் செய்யும் தவறு ஒன்றுதான். ‘பொறுமையாய் இருங்கோ, நல்லது நடக்கும்’ என்று அனுப்பிவிடுவது. அவர் மூன்று வருடமாகப் பொறுமையாகத்தான் இருக்கிறார்.

தொங்குவதில் வகை இருக்கிறது, நம் கதைகளுக்கு அது நன்றாகத் தெரியும். திரிசங்குவை விசுவாமித்திரர் மேலே அனுப்ப, இந்திரன் கீழே தள்ள, நடுவில் தலைகீழாய் நின்றுவிட்டான். இரண்டு பேருடைய பிடிவாதத்துக்கு இடையில் மாட்டியவன் அவன். மகாபாரதத்தில் ஜரத்காருவின் முன்னோர்கள் ஒரு புல்வேரைப் பிடித்தபடி குழிக்குள் தலைகீழாகத் தொங்குவார்கள், அந்த வேரையும் எலி அரித்துக்கொண்டிருக்கும். அவன் கலியாணம் செய்து பிள்ளை பெற்றால்தான் அவர்களுக்கு மீட்சி. வேறொருவர் அசைய வேண்டிய காத்திருப்பு அது. அட்டையில் இருப்பவனோ தானாக விரும்பித் தொங்குகிறான். வந்தவர் இந்த மூவரில் யார் என்று கண்டுபிடிக்காமல் பொருள் சொல்லத் தொடங்கக் கூடாது.

அதற்குக் கேட்கவேண்டியவை: இந்தக் காத்திருப்பை யார் தொடக்கினது? நீங்கள் இன்று நிறுத்த நினைத்தால் நிறுத்தலாமா? இது முடியும்வரை எதை ஒத்திவைத்திருக்கிறீர்கள்? கடைசிக் கேள்விக்குத்தான் உண்மையான பதில் வரும். படிப்பு, கலியாணம், பல் வைத்தியம்கூட ‘அங்க போய்ப் பாப்பம்’ என்று நிற்கும். வீசா எப்போது வரும் என்று இந்த அட்டை சொல்லாது. 12 என்ற எண்ணை வைத்து 12 கிழமை, 12 மாதம் என்று சொல்பவர்கள் தயவுசெய்து நிறுத்துங்கள். ஒத்திவைத்தவற்றில் எதை இங்கேயே தொடங்கலாம் என்று கேட்டால் மட்டும் அட்டை பேசும்.

பக்கத்து அட்டையைப் பார்க்காமல் விடாதீர்கள். வாள் வரிசையின் ஆறாம் அட்டை, படகில் கடக்கும் படம், அடுத்து விழுந்தால் பயணத்துக்கு முன்வரும் தங்கல் என்று படிக்கலாம். நீதி அட்டை வந்தால் முடிவு இன்னொருவர் மேசையில் இருக்கிறது, அப்போது ஆவணக் கோவையில் என்ன குறைகிறது என்று சட்டத்தரணியிடம் கேட்கச் சொல்வதே சரியான ஆலோசனை. வாள் எட்டு வந்தால் கவனம், கண்ணும் உடம்பும் கட்டப்பட்ட பெண் அவள். அவள் தானாக நிற்கவில்லை.

பம்பலப்பிட்டியிலிருந்து

வாள் எட்டைத் தொட்டதால் இதைச் சொல்லியே ஆகவேண்டும். இந்த அட்டைக்குப் புத்தகங்கள் கொடுக்கும் முதல் சொற்களில் ஒன்று ‘தியாகம்’. நம் பெண்களிடம் அந்தச் சொல்லை எடுக்க முன் இரண்டு தரம் யோசியுங்கள். அடிக்கிற புருசனோடு பிள்ளைகளுக்காக இருக்கிறேன் என்று வருகிறவளுக்கு இந்த அட்டை விழுந்து, வாசிப்பவர் ‘இது புனிதமான தியாகம், பிறகு ஞானம் வரும்’ என்று சொன்னால், அவளை இன்னும் பத்து வருடம் அங்கேயே கட்டிப்போட்ட பாவம் அவரைச் சேரும். ஒளிவட்டத்தைக் காட்டி அடியை நியாயப்படுத்தாதீர்கள்.

அட்டையிலேயே அதற்கு மறுப்பு இருக்கிறது. முகத்தைப் பார்க்கச் சொல்லுங்கள். ‘உங்கட முகம் இப்பிடி இருக்கா?’ என்று மெதுவாகக் கேளுங்கள். இல்லை என்று அவள் சொன்னால், இது அவளுடைய நிலையைக் காட்டும் படமல்ல, அவளிடம் இல்லாத தெரிவைக் காட்டும் படம். தியாகம் என்ற இடத்தில் ‘விடுதல்’ என்று வைத்துப் பாருங்கள், வாசிப்பே மாறும். எதை விட்டால் தலை நிமிரும் என்ற கேள்வி வரும். அவளுக்குத் தனியாக இருக்கும்போது 1938 பெண்கள் உதவி இலக்கத்தையும் சொல்லிவிடுங்கள், தாளில் எழுதிக் கொடுக்க வேண்டாம். வீட்டில் கைப்பையைத் தேடுபவர்கள் இருப்பார்கள்.

வெள்ளவத்தையிலிருந்து

தங்கச்சி, இதைத்தான் எல்லாரும் முதலில் படிக்க வேண்டும்.

முகத்துவாரத்திலிருந்து

அட்டை தலைமாறி, அதாவது மேல் கீழாக, விழுவதைப் பற்றி யாரும் தொடவில்லை. மற்ற அட்டைகள் தலைமாறினால் படம் கவிழும், இது தலைமாறினால் மனிதன் நிமிர்ந்து நிற்பான். அதனால் ‘தடை நீங்கிவிட்டது’ என்று அவசரப்படுகிறார்கள். வெயிட் தலைமாறலுக்குக் கொடுத்த பொருள் சுயநலம், கூட்டம். ஊர் என்ன சொல்லும் என்று பார்த்துத் தொங்குவதும், தொங்குகிறேன் என்று ஊருக்குக் காட்டுவதும் அதில் அடங்கும்.

நிமிர்ந்த படத்தை 21ஆம் அட்டையான ‘உலகம்’ பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஆடுகிறவளின் காலும் அதே மாதிரி மடிந்து குறுக்கே போகிறது, எண்ணும் 12, 21 என்று திரும்பி நிற்கிறது. இரண்டும் ஒரே வாசிப்பில் வந்தால் மட்டும் காத்திருப்பு பலனுக்குத் திரும்புகிறது என்று துணிந்து சொல்லலாம்.

தலைமாறல் படிப்பதாக இருந்தால் கட்டின் முதுகையும் சோதியுங்கள். மலிவான நகல் கட்டுகளில் பின்புறத்தில் மேல் கீழ் தெரியும் படம் இருக்கும், புரட்ட முன்னமே எது தலைமாறியது என்று கை அறிந்துவிடும். எப்படித் திருப்பினாலும் ஒன்றாகத் தெரியும் கட்டமோ கோலமோ வேண்டும். நகல்களில் இந்த அட்டைதான் அதிகம் கெடும். சாம்பல் பின்னணி கறுத்து இலைகள் மரத்தோடு கலந்துவிடும், ஒளிவட்டத்தின் கதிர்கள் மஞ்சள் திட்டாகிவிடும். வாங்க முன் 12ஆம் அட்டையை உருவி வெளிச்சத்தில் பிடித்து, இலை தனித்தனியாகத் தெரிகிறதா, கண் திறந்திருப்பது தெரிகிறதா என்று பாருங்கள். கடற்கரைப் பக்கம் இருப்பவர்கள் கட்டைத் துணிப்பையில் விட வேண்டாம், உப்புக்காற்றில் ஓரம் ஊதி இரண்டு அட்டை ஒட்டிக்கொண்டு வரும். மூடி இறுகும் டப்பாவில் இரண்டு சிலிக்கா ஜெல் பொட்டலம் போட்டு, மேலே பாரம் வைத்து மூடுங்கள்.