விரால் துரத்துகிறது, கடிக்க மாட்டேன் என்கிறது: லூரை (போலி இரையை) எந்த வேகத்தில் இழுப்பது?

குடியாத்தம்_தூண்டில்:
காவேரிப்பாக்கம் ஏரியில் கோரை ஓரமாக ரப்பர் தவளை போடுகிறேன். விரால் பின்னாலேயே வருவது தண்ணீரில் கோடு விழுவதில் தெரிகிறது, கரைக்கு நாலடி இருக்கும்போது திரும்பிவிடுகிறது. சில நேரம் மிதக்கும் இலைக்குள் ‘பொளக்’கென்று அடிக்கும், கொக்கியில் ஒன்றும் இருக்காது. அமெரிக்காக்காரர்களின் பாஸ் மீன் பிடிக்கும் வீடியோ பார்த்துப் பழகியவன் நான். ஒருத்தர் வேகமாகச் சுற்று என்கிறார், இன்னொருத்தர் நிறுத்தி வை என்கிறார். என் ரீல் 7.3:1, அதாவது கைப்பிடியை ஒருமுறை சுற்றினால் உருளை 7.3 முறை சுற்றும் வேக ரகம். மாற்றணுமா?

மதகடி:
ரீல் இருக்கட்டும் தம்பி. கையை மெதுவாகச் சுற்றினால் தவளையும் மெதுவாகத்தான் வரும். மாட்டிய விரால் கோரைக்குள் பாயும்போது அந்த வேகம் வேண்டியிருக்கும்.

நிறுத்தி வைக்கச் சொல்பவர் பெரும்பாலும் அவங்க ஊர்க் குளிர்காலத்தைச் சொல்கிறார். தண்ணீர் 10 டிகிரிக்குக் கீழே போனால் பாஸ் சோம்பிவிடும், லூர் அசையாமல் கிடந்தால்தான் வாயைத் திறக்கும். நம்ம ஏரி மார்கழியிலும் அந்தக் குளிரைப் பார்க்காது. இங்கே நிறுத்துவது குறி தப்பாமல் இருக்க. விரால் இலைக்கு அடியில் பதுங்கி, மேலே ஓடுவதை அடிக்கும். இலை மேல் தவளை இருந்தால் இலையும் சேர்ந்து வாய்க்குள் போகும். அதனால் இலை மேல் சரசரவென்று இழுங்க, இடைவெளி வந்ததும் நிறுத்துங்க. வட்டம் அடங்கட்டும். அப்புறம் நூலைக் கொஞ்சம் தளர்த்தி, கோல் நுனியை லேசாகத் தட்டினால் தவளை முன்னால் வராமல் இருந்த இடத்திலேயே தலையாட்டும். அடி பெரும்பாலும் அப்போதுதான்.

சத்தம் கேட்டதும் கோலை வெடுக்கென்று இழுக்காதீங்க, நூல் நகர்ந்து கனம் தெரியட்டும். தவளை வயிற்றையும் அமுக்கிப் பாருங்க. விரலில் அமுக்கியே கொக்கி முனை வெளியே வரவில்லை என்றால் மீன் வாயில் எங்கே வரும்? வெந்நீரில் போட்டால் ரப்பர் இளகும். கொக்கிகளைக் குறடால் ஒரு நூலளவு வெளிப்பக்கம் வளைத்துவிடுங்க.

ஆம்பூர்_பாய்:
இலைக்கு அண்ணன் சொல்வது சரி. பின்னாலேயே வருகிற மீனுக்கு நான் நிறுத்த மாட்டேன். நின்றால் உற்றுப் பார்க்கும், பார்த்தால் ரப்பர் என்று தெரிந்துவிடும். திடீரென்று ரெண்டு சுற்று வேகமாக இழுத்தால் இரை தப்பிக்கிறது என்று பாய்ந்துவிடும். கரை விளிம்பிலிருந்து தள்ளி நில்லுங்க, உங்கள் நிழலைப் பார்த்துக்கூடத் திரும்பும்.

சிவந்த குஞ்சுக் கூட்டம் தெரிந்தால் அங்கே போடாதீங்க. தாய் தகப்பன் எந்த வேகத்தில் வந்தாலும் அடிக்கும், அது பசியில்லை, காவல். பிடித்தால் குஞ்செல்லாம் போச்சு.

மதகடி:
துரத்தி வரும் மீனுக்கு பாய் சொல்வதே சரி. இன்னொன்று, ஏரி மீன் குத்தகையில் இருந்தால் குத்தகைக்காரரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுப் போடுங்க.

குடியாத்தம்_தூண்டில்:
ரொம்ப நன்றி அண்ணா, பாய். தவளை என்ன நிறம்?

மதகடி:
கறுப்பு போதும். முதுகில் புள்ளி போட்டுக் காசு வாங்குவதெல்லாம் நமக்காக. மீன் அடியிலிருந்து வயிற்றைத்தான் பார்க்கிறது.