அனிமோனுக்குத் தனித் தொட்டியில் மருந்து கொடுத்தவர்கள் உதவுங்கள்

வணக்கம் நண்பர்களே. கடல்நீர்த் தொட்டிக்காகப் புதிதாக வாங்கிய பபுள் டிப் அனிமோன் (பூப்போல விரியும் கடல் உயிரி) ஐந்து நாளாகச் சரியில்லை, ஒரே நாளில் இரண்டு மூன்று தடவை முழுதாகச் சுருங்கி மறுபடி உப்புகிறது, வாய் திறந்தபடியே இருக்கிறது, பாதமும் எதிலும் ஒட்டவில்லை. பார்க்கவே மனசு கஷ்டமாக இருக்கிறது.

பெரிய தொட்டியில் விடாமல் 40 லிட்டர் தனித் தொட்டியில் வைத்திருக்கிறேன். வெப்பம் 26 டிகிரி, உப்புத் தண்ணீரின் அடர்த்தி 1.025, அம்மோனியா இல்லை, பம்ப் வாயில் ஸ்பாஞ்ச் கட்டியாயிற்று. செம்பு கலந்த மருந்து எதுவும் இந்தத் தொட்டியில் போட்டதே இல்லை.

கொடுக்கும் மருந்து சிப்ரோஃப்ளாக்சசின் என்ற ஆன்டிபயாடிக் மாத்திரை, 250 மி.கி., வெளிச்சத்தில் வீரியம் போய்விடும் என்பதால் விளக்கை அணைத்த பிறகுதான் போடுகிறேன், மறுநாள் தண்ணீர் முழுவதையும் மாற்றிவிட்டு அடுத்த மாத்திரை. இன்று மூன்றாவது நாள். நேற்று இரவு வாய் கொஞ்சம் மூடியது, காலையில் பார்த்தால் மறுபடி சுருங்கிக் கிடக்கிறது.

உங்களுக்குச் சுருங்குவது எத்தனையாவது நாளில் நின்றது? ஏழு நாளில் நிற்காவிட்டால் மருந்தை நீட்டினீர்களா? அப்புறம், தினமும் மொத்தத் தண்ணீரையும் மாற்றுவதே அதை வாட்டுமோ என்று பயமாக இருக்கிறது, வெப்பமும் உப்பும் சரிபார்த்துத்தான் ஊற்றுகிறேன். தீனி நிறுத்தியிருக்கிறேன். இன்னும் அழுகல் வாடை வரவில்லை, அதனால் எப்படியாவது காப்பாற்றிவிட வேண்டும்.