பஸ்டர் கீட்டனைக் கெடுத்தது எம்ஜிஎம்மா, அவரேவா?

ரீல்பெட்டி:
1928-ல் ஹாலிவுட்டின் பெரிய ஸ்டுடியோவான எம்ஜிஎம்மில் கையெழுத்துப் போட்ட அன்றைக்கே, மௌனப் பட நகைச்சுவை மேதை கீட்டன் முடிந்துவிட்டார் என்பது என் கட்சி. அதுவரை அவர் படங்களுக்கு எழுதிவைத்த கதையே கிடையாது, தொடக்கமும் முடிவும் பேசி வைத்துக்கொள்வார்கள், நடுவில் உள்ளதை ஸ்பாட்டில் கண்டுபிடிப்பார்கள். எம்ஜிஎம்மில் எல்லாம் பேப்பரில் வேண்டும், ஆபத்தான சாகசமும் கூடாது. சக நகைச்சுவை நடிகர்களான சாப்ளினும் ஹரால்ட் லாயிடும் போகாதே என்று சொல்லியும் போனார். தான் செய்த பெரிய தப்பு அதுதான் என்று சுயசரிதையில் அவரே எழுதிவிட்ட பிறகு விவாதிக்க என்ன இருக்கிறது?

கணக்குப்பிள்ளை:
நிறைய இருக்கிறது சார். அவர் அதற்கு முன் எடுத்த ‘தி ஜெனரல்’ இன்றைக்குத்தான் காவியம், 1927-ல் விமர்சகர்கள் பலர் அதைக் கழுவி ஊற்றினார்கள், வசூலும் கைகொடுக்கவில்லை. ஒரேகானில் காட்டேஜ் குரோவ் பக்கம் நிஜ ரயில் எஞ்சினை, எரிகிற பாலத்தின் மேல் ஓட்டி ஆற்றில் விழவைத்தார், ஒரே டேக். அந்த இரும்பை இரண்டாம் உலகப் போர் சமயத்தில்தான் ஆற்றிலிருந்து எடுத்தார்கள். இப்படிச் செலவு செய்தால் பணம் போட்ட ஜோசப் ஷெங்க் எத்தனை நாள் தாங்குவார்? எம்ஜிஎம்மில் வாரம் 3,000 டாலர் சம்பளம், பேசும் படங்களும் நன்றாகவே ஓடின. ‘பேச்சு வந்ததும் காணாமல் போனார்’ என்பதெல்லாம் சும்மா.

ரீல்பெட்டி:
ஓடவில்லை என்று நான் சொல்லவே இல்லையே. ‘ஃப்ரீ அண்ட் ஈஸி’ (1930) கடைசிக் காட்சியைப் பாருங்கள். முகம் முழுக்கக் கோமாளிச் சாயம், காதலித்த பெண் வேறொருவனோடு, இவர் பரிதாபமாக நிற்கிறார். எதற்கும் முகத்தில் சலனமே காட்டாத ஆளை, ‘ஐயோ பாவம்’ என்று நாம் உச்சுக்கொட்டும்படி நிற்க வைத்துவிட்டார்கள். எம்ஜிஎம்முக்கு முன் எடுத்த ‘ஸ்டீம்போட் பில் ஜூனியர்’ எப்படி இருந்தது? புயலில் வீட்டு முன்சுவர் முழுசாக அவர் மேல் சாய்கிறது, மாடி ஜன்னல் திறப்பு சரியாக அவர் நிற்கும் இடத்தில் வந்து விழுகிறது, சில அங்குலம் தப்பினால் ஆள் காலி. கண் இமைக்கக்கூட இல்லை மனுஷன். ஜாக்கி சான் ‘புராஜெக்ட் ஏ’ இரண்டாம் பாகத்தில் அதைத் திரும்பச் செய்தது சும்மாவா?

தேன்மொழி:
நீங்கள் இருவரும் ஷெங்க்கை எப்படி விட்டீர்கள்? அவர் கீட்டனுக்குச் சகலை. அக்கா நார்மா டால்மட்ஜ் ஷெங்க்குக்கு, தங்கை நடாலி கீட்டனுக்கு. எம்ஜிஎம்மின் தாய்க் கம்பெனிக்குத் தலைவரோ ஷெங்க்கின் தம்பி நிக்கலஸ். குடும்பத்துக்குள்ளேயே கைமாற்றிவிட்டார்கள், இவரும் கேள்வி கேட்காமல் போனார். சாப்ளினுக்கும் லாயிடுக்கும் தங்கள் படங்கள் மேல் உரிமை இருந்தது, எந்தக் கம்பெனியிடமும் கைகட்டி நிற்கவில்லை. கீட்டனுக்கு ஒரு படம்கூடச் சொந்தமில்லை. பெவர்லி ஹில்ஸில் மாளிகை கட்டத் தெரிந்தவருக்கு ஒப்பந்தத்தைப் படிக்கத் தெரியவில்லை.

கணக்குப்பிள்ளை:
அதைத்தானே அம்மா நானும் சொல்கிறேன், பாதிப் பழி அவர் மேல். அப்புறம் குடி. 1932-ல் விவாகரத்து, பையன்களின் பெயரிலிருந்துகூட அவர் குடும்பப் பெயரை எடுத்துவிட்டார்கள். 1933-ல் படப்பிடிப்புக்கே ஒழுங்காக வராத ஆளை எந்தக் கம்பெனி வைத்திருக்கும்?

ரீல்பெட்டி:
குடி முற்றியது எப்போது என்று பாருங்கள், எம்ஜிஎம் போன பிறகுதான். அதற்கு முன் ‘ஷெர்லாக் ஜூனியர்’ படப்பிடிப்பில் ரயில் பாதைத் தண்ணீர்த் தொட்டிக் குழாயிலிருந்து கொட்டிய வேகத்தில் தண்டவாளத்தில் மோதிக் கழுத்தெலும்பு உடைந்தது, அது உடைந்ததே பல வருடம் கழித்து எக்ஸ்ரேயில்தான் தெரிந்தது. அதனால் வந்த தலைவலியோடு வேலை செய்தவரை ‘பொறுப்பில்லாதவர்’ என்பதா? இன்னொன்று, வெளியே அனுப்பிய அதே எம்ஜிஎம் பிறகு அவரைக் குறைந்த சம்பளத்துக்கு நகைச்சுவை யோசனை சொல்லும் ஆளாகச் சேர்த்துக்கொண்டது. இவருடைய பழைய ‘ஸ்பைட் மேரேஜ்’ கதையை 1943-ல் ரெட் ஸ்கெல்டனை வைத்துத் திரும்ப எடுத்தது. அவர் யோசனை வேண்டும், ஆள் வேண்டாம்.

தேன்மொழி:
முதல் எம்ஜிஎம் படம் ‘தி கேமராமேன்’ அருமையான படம்தானே அண்ணா? அங்கே போனதும் திறமை ஆவியாகிவிடவில்லையே.

ரீல்பெட்டி:
அது அவர் சண்டை போட்டு வாங்கிய இடம். அடுத்தடுத்த படங்களில் அந்த இடம் சுருங்கிக்கொண்டே போய், கடைசியில் இன்னொரு நகைச்சுவை நடிகர் ஜிம்மி டுரான்டி ஓயாமல் பேச, பக்கத்தில் நிற்பதுதான் இவர் வேலை என்று ஆனது.

கணக்குப்பிள்ளை:
இருந்தும் ‘முடிந்துவிட்டார்’ என்பதை ஒத்துக்கொள்ள மாட்டேன். 1940-ல் எலினாரைக் கல்யாணம் செய்துகொண்டார், கடைசிவரை நன்றாக இருந்தார்கள். டிவியில் வேலை, 1952-ல் சாப்ளினோடு ‘லைம்லைட்’, 1960-ல் கௌரவ ஆஸ்கர். 1966-ல் சாகும் வரை அவருக்கு வேலை இருந்தது. இதைப் போய்ச் சோகக் கதையாக்காதீர்கள்.

ரீல்பெட்டி:
வேலை இருந்தது சார். 28 வயதில் ‘ஷெர்லாக் ஜூனியர்’ எடுத்தவர், 1933-க்குப் பிறகு தன் இஷ்டப்படி எடுத்த ஒரு முழுநீளப் படத்தின் பெயரைச் சொல்லுங்கள். ஒன்று போதும்.