'கீது' என்பதில் 'இரு' எங்கே போனது?

குடியாத்தம்வாசி:
எங்கள் பக்கம் "வீட்ல கீறான்", "அங்க கீது" என்றுதான் பேச்சு. என் மகள் பள்ளியில் அப்படிச் சொன்னதற்கு வகுப்பே சிரித்ததாம், இப்போது பாட்டியோடு பேசவே கூச்சப்படுகிறாள், எனக்கு மனசு கேட்கவில்லை. இருக்கிறது என்பதில் இரு தானே வேர், அதையே விட்டுவிட்டு மிச்சத்தை மட்டும் எப்படிப் பேசுகிறோம்? தமிழில் வேறு சொற்களுக்கும் இப்படி முதல் எழுத்து போயிருக்கிறதா?

பாலாற்றங்கரை:
நிறையப் போயிருக்கிறதுங்க. பாலாற்றையே பாருங்கள், நீர் ஓடும் ஆறு சங்க இலக்கியத்தில் யாறு. யானை ஆனையானது, யாடு ஆடானது, யாமை, யாண்டு எல்லாம் அப்படித்தான். ஆகாரத்தோடு சேர்ந்தால் மட்டுமே யகரம் சொல்லுக்கு முதலில் வரும் என்கிறது தொல்காப்பியம், பிறகு அந்த ஓர் இடத்திலும் உதிர ஆரம்பித்துவிட்டது. உங்கள் ஊரில் தெலுங்கு பேசுகிற வீடுகள் இருக்குமே (1911 வரை சித்தூரும் வட ஆற்காட்டில்தானே இருந்தது), கேட்டுப் பாருங்கள், யானைக்கு ஏனுகு, ஆற்றுக்கு ஏரு என்பார்கள். அந்த ஏகாரம் பழைய யா இருந்த தடம்.

எண் ஆறு வேறு கதை. தமிழுக்கு உறவான கோண்டி மொழியில் அது சாரூங், அதனால் தமிழில் உதிர்ந்தது சகரம் என்கிறார்கள் மொழியியலார். ஒரே மாதிரி எழுதுகிற இரண்டு ஆறும் வெவ்வேறு எழுத்தைத் தொலைத்தவை!

ஆரணிக்காரி:
சகரம் போனதற்கு நம் பக்கத்துச் சாட்சியே உண்டு. வள்ளிமலை, போளூர் அருகே திருமலை எல்லாம் சமணத் தலங்கள். வடமொழி ஸ்ரமண தமிழில் சமணர் ஆகி, தேவாரத்தில் அமணர் என்றும் வருகிறது. கன்னடத்தில் இன்னும் சாவிர, நமக்கு ஆயிரம்.

குடியாத்தம்வாசி:
சரி அக்கா, ரெண்டு, ராத்திரி எல்லாம்கூட இதில் சேருமா?

ஆரணிக்காரி:
ரெண்டு சேரும், இரண்டில் இருந்த இகரம் போய்விட்டது. ராத்திரி சேராது. அது வடமொழிச் சொல், ரகரம் தமிழில் முதலில் வராது என்பதால் நாம்தான் இகரம் சேர்த்து இராத்திரி என்று எழுதினோம்.

பாலாற்றங்கரை:
கீதுக்கு வருவோம். இருக்கிறான் என்பதில் இரு போனதும் 'கி' நீண்டு 'கீ' ஆகிவிட்டது, கீறேன், கீறான், கீறாங்க என்று யார், எத்தனை பேர் என்பதும் அப்படியே நிற்கிறது. "வந்துகினு கீறான்" என்பதில் கொண்டு என்பதும் கினு ஆகிவிட்டது. வேகமாகப் பேசும்போது முன்சொல்லோடு ஒட்டியே இகரம் கரைந்திருக்கும் என்பது என் கணிப்பு. ஆனையைக் கேட்டு யாரும் சிரிப்பதில்லையே, பிள்ளையிடம் அதைச் சொல்லுங்கள். பரீட்சையில் இருக்கிறது என்று எழுதட்டும், பாட்டியிடம் கீது என்றே பேசட்டும்.

அப்புறம், செங்கம் பக்கத்து ஆட்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள், தெற்கே எந்த ஊர் வரைக்கும் கீது பேசுகிறார்கள்?