2026 படங்கள்: பாலக்காட்டுப் பக்கமா, பொள்ளாச்சிப் பக்கமா?

எல்லைக்கல்
கொழிஞ்சாம்பாறையிலிருந்து கேட்கிறேன். இந்த வருஷம் தியேட்டரில் பார்க்க வீட்டில் ஒரு பட்டியல் ஓடுது: பெரிய தமிழ்ப் படங்கள் நாலஞ்சு, ஓணத்துக்கு மலையாளம் ஒண்ணு, தெலுங்கிலிருந்து டப்பிங் ஒண்ணு. பையனுக்கு எட்டு வயசு. அம்மாவுக்கு டப்பிங்னா தமிழில்தான் வேணும். எங்களுக்குப் பாலக்காடும் பொள்ளாச்சியும் கிட்டத்தட்ட ஒரே தூரம். போஸ்டர் தேதியை நம்பி லீவு போடலாமா? எந்தப் படத்துக்கு எந்தப் பக்கம் போறது? டிக்கெட் எப்போ எடுக்கிறது? ஆந்திர எல்லைக்காரங்களும் சொல்லுங்க, தம்பி நகரியில் வேலையில் இருக்கான்.

கடைசி வரிசை
போஸ்டர் தேதிக்கு லீவு போடாதீங்க. பஸ் சீட்டில் துண்டு போட்டு இடம் பிடிக்கிற வேலைதான் அது, மத்த தயாரிப்பாளர்கள் பார்க்கிறதுக்காகப் போடுறது.

பார்க்க வேண்டியது சென்சார் சான்றிதழ். ஜனநாயகனுக்கு ஜனவரி 9 என்று தேதி நின்னு, பல இடங்களில் முன்பதிவும் திறந்தாச்சு. சான்றிதழ் கைக்கு வரலை. ரெண்டு நாள் இருக்கும்போது தள்ளிப் போச்சு. அதனால மூணு விஷயம் வரட்டும்: சான்றிதழ் வகையும் ஓடும் நேரமும் வெளியாகணும், போஸ்டரில் கேரள விநியோகஸ்தர் பெயர் ஏறணும், டிக்கெட் ஆப்பில் தியேட்டர் பெயர்கள் வரணும். மூணாவது பெரும்பாலும் ரிலீஸ் வாரத்தில்தான் நடக்கும். கேரளத்தில் பெரிய தமிழ்ப் படத்துக்கு முன்பதிவு சீக்கிரம் திறந்துடும். தமிழ்நாட்டில் விநியோகஸ்தரும் தியேட்டரும் வசூல் பங்கு சதவீதம் பேசி முடிக்கிற வரை திறக்காது, சில சமயம் முந்தின நாள் வரை இழுக்கும். அதைப் பார்த்துட்டு படம் வராதுன்னு முடிவு கட்ட வேண்டாம்.

எந்தப் பக்கம்னா, தமிழ்ப் படம் கேரளத்தில் தமிழிலேயே ஓடும், கவலை இல்லை. தெலுங்கு, கன்னடப் பெரிய படங்கள் பாலக்காட்டில் மலையாள டப்பிங்கில் வரும், தமிழ்ப் பதிப்பு வந்தாலும் ஒரு காட்சிதான். அம்மாவை அதுக்குப் பொள்ளாச்சி கூட்டிட்டுப் போங்க. மூலப் படம் வந்த அன்னைக்கே தமிழ்ப் பதிப்பும் வரும்னு நினைச்சுக் கிளம்பாம, ஆப்பில் மொழியைத் தட்டிப் பார்த்துக்கோங்க.

நாள் கணக்கு: ரம்ஜான் நோன்பு மாசத்தில் மலபார் தியேட்டர்களில் மாலைக் கூட்டம் குறையும், மார்ச்சில் பரீட்சையும் சேர்ந்துக்கும். அதனால அப்போ சின்னப் படங்கள்தான் நிறைய. மார்ச் 19 யுகாதி, அதை ஒட்டியே பெருநாள், அங்கேதான் பெரிய படங்களுக்கு வாசல் திறக்குது. ஏப்ரல் 14 சித்திரை ஒண்ணு, மறுநாள் விஷு. ஆனா ரெண்டு மாநிலத்திலும் இந்த வருஷம் சட்டமன்றத் தேர்தல், ஏப்ரல் மே தேதிகள் எதையும் பென்சிலில் எழுதி வைங்க. திருவோணம் ஆகஸ்ட் 26. தீபாவளி நவம்பர் 8 ஞாயிறு, படம் 6-ஆம் தேதி வெள்ளிக்கிழமையே வர வாய்ப்பு அதிகம் என்பது என் கணிப்பு.

தீபாவளிக்குப் பாலக்காடுதான் சுகம். பொள்ளாச்சியில் ஊரே தியேட்டர் வாசலில் நிற்கும்போது இந்தப் பக்கம் சாயங்காலக் காட்சிக்கே சீட் கிடைக்கும். ஓணத்துக்குத் தலைகீழ். மலையாளப் படங்கள் ஸ்கிரீன் எல்லாத்தையும் எடுத்துக்கும், ஓடிக்கிட்டிருந்த தமிழ்ப் படம் காலைக் காட்சிக்கு ஒதுங்கிடும். ஆகஸ்ட் நடுவில் வந்த தமிழ்ப் படத்தை ஓணத்துக்கு முந்தியே பார்த்துடுங்க.

அதிகாலைக் காட்சி பக்கம் மட்டும் குடும்பத்தோட போகாதீங்க. தமிழ்நாட்டில் சிறப்பு அனுமதி கிடைச்சாலும் முதல் காட்சி 9 மணிக்குத்தான். 2023 அக்டோபர் 19-ல் லியோவுக்குக் கேரளத்தில் 4 மணிக்கே போட்டாங்க. அந்த மாதிரி நாளில் வாளையார், வேலந்தாவளம், கோபாலபுரம்னு எல்லா வழியிலும் கோவை, பொள்ளாச்சிப் பசங்க வந்து இறங்கிடுவாங்க, முதல் காட்சி சீட்டெல்லாம் அவங்களுக்குத்தான். தமிழ்நாட்டில் 9 மணிக்கு ஆரம்பிச்சதும் பாலக்காட்டில் நெரிசல் தளரும். முதல் நாளே பார்க்கணும்னா மதியக் காட்சிக்குப் போங்க.

புரொஜெக்டர் ரூம்
முதல் நாள் காலைக் காட்சியை நான் ஏன் தவிர்க்கச் சொல்வேன்னா கூட்டத்துக்காக மட்டும் இல்லை. படம் ஹார்ட் டிஸ்கிலோ சாட்டிலைட் வழியாவோ முன்கூட்டியே தியேட்டர் சர்வரில் ஏறியிருக்கும், ஆனா பூட்டிய நிலையில். திறக்கிறதுக்கு கே.டி.எம். என்கிற டிஜிட்டல் சாவி தனியா வரணும். அது குறிப்பிட்ட சர்வருக்கு, குறிப்பிட்ட நாள், நேரத்துக்கு மட்டும் செல்லும். ஸ்கிரீன் 1-க்கு வந்த சாவி ஸ்கிரீன் 2-ல் வேலை செய்யாது. கூட்டத்தைப் பார்த்துக் கடைசி நேரத்தில் பெரிய ஸ்கிரீனுக்கு மாத்தினா புதுச் சாவி கேட்டு வாங்கணும், அதுக்குள்ள உள்ளே விசில் கிளம்பிடும்.

தயாரிப்பாளருக்கும் ஃபைனான்சியருக்கும் பாக்கி தீரலைன்னாலும் சாவி வராது. 'தவிர்க்க முடியாத காரணங்களால்' என்று காலைக் காட்சி ரத்தாகிறதில் பல இந்தக் கணக்குதான். தியேட்டரே ரத்து பண்ணினா ஆப்பில் எடுத்த பணம் திரும்பிடும், கணக்கில் ஏற சில நாள் ஆகும். கவுன்டரில் எடுத்தவங்க டிக்கெட்டைக் கிழிக்காம வச்சிருக்கணும்.

இன்னொண்ணு, டிக்கெட் எடுக்கும்போது தியேட்டர் பெயரோட ஸ்கிரீன் எண்ணையும் பாருங்க. ஒரே வளாகத்தில் ஒண்ணில் அட்மாஸ், இன்னொண்ணில் 7.1 என்று ஒலி அமைப்பு வேற வேறயா இருக்கும். அகலமா எடுத்த ஸ்கோப் படத்தை அகலம் குறைஞ்ச 1.85 திரையில் போட்டா மேலும் கீழும் கறுப்புப் பட்டை விழும். சீட்டுக்கு, திரையிலிருந்து மூணில் ரெண்டு பங்கு தள்ளி நடு வரிசை. கடைசி வரிசை நண்பர் கோவிச்சுக்கக் கூடாது, பின்சுவரை ஒட்டின சீட்டில் பின்பக்க ஸ்பீக்கர் சத்தம்தான் தூக்கலா கேட்கும்.

நகரி தறி
தம்பிக்காக. இங்கே தமிழ்ப் படம் பெரும்பாலும் தெலுங்கு டப்பிங்கில்தான் வரும், சில நேரம் பெயரே வேறயா இருக்கும். தமிழில் பார்க்கத் திருத்தணி போயிடலாம், பக்கம்தான். நேரடித் தெலுங்குப் படத்துக்கு இந்தப் பக்கமே நல்லது. ஒரு விஷயம் மட்டும் கவனிக்கணும்: பெரிய படத்துக்கு ஆந்திர அரசு தனி ஜி.ஓ. (அரசாணை) போட்டு டிக்கெட் விலையை ஏத்தவும் கூடுதல் காட்சிக்கும் அனுமதி தரும். எவ்வளவு ரூபாய், எத்தனை நாளைக்கு என்று அந்த உத்தரவிலேயே இருக்கும். அந்தக் கெடு முடிஞ்ச மறுநாள் போனால் பழைய விலை. தமிழ்நாட்டில் மல்டிபிளெக்ஸுக்கு அடிப்படைக் கட்டணம் அதிகபட்சம் 150, அதுக்கு மேல வரி. ரெண்டையும் ஒப்பிட்டுட்டு பஸ் ஏறச் சொல்லுங்க. அப்புறம், சூளூர்ப்பேட்டையில் 100 அடிக்கு மேல அகலமான திரை இருக்கு. சண்டைப் படம் ஒண்ணுக்காவது அங்கே போகலாம்.

எல்லைக்கல்
நன்றிங்க. யு/ஏ-ன்னு போட்டிருந்தா பையனை உள்ளே விடுவாங்களா? 16+ என்றெல்லாம் வருதே.

கடைசி வரிசை
விடுவாங்க. இப்போ யு/ஏ 7+, 13+, 16+ என்று மூணாப் பிரிச்சிருக்காங்க. அது பெத்தவங்களுக்கான எச்சரிக்கை, கூட நீங்க இருந்தா போதும். 'ஏ' படத்துக்கு மட்டும் 18-க்குக் கீழே யாரையும் விடக் கூடாது, கைக்குழந்தையையும்தான். 16+ போட்ட படம்னா ரத்தமா, வசனமா என்று முதல் நாள் பார்த்தவங்ககிட்டக் கேட்டுட்டு ரெண்டாம் நாளுக்கு டிக்கெட் போடுங்க. ஓடும் நேரத்தையும் பாருங்க, மூணு மணி நேரப் படத்துக்கு எட்டு வயசுப் பையனோட ராத்திரிக் காட்சி வேண்டாம்.