நெரிசலில் நின்றால் ஏசி சூடாகிறது, கண்டென்சர் ஃபேன் சுற்றவில்லை: எதை முதலில் பார்ப்பது?

கேள்வி (வேலூர்)

வணக்கம். என்னிடம் இருப்பது 2014ஆம் ஆண்டின் பெட்ரோல் ஹேட்ச்பேக் கார். வேலூரிலிருந்து சென்னைக்கு வரும்போது நெடுஞ்சாலையில் ஏசி குறையில்லாமல் குளிர்கிறது. பூந்தமல்லியை நெருங்கி வண்டிகள் ஊரத் தொடங்கியதும் காற்று வெதுவெதுப்பாகி, சில நிமிடங்களில் வெறும் ப்ளோயர் காற்றுதான் வருகிறது. கம்ப்ரசர் (ஏசி கேஸை அழுத்தும் பம்ப்) 'டக்' என்று பிடிப்பதும் சற்று நேரத்தில் விடுவதும் காதில் விழுகிறது. எஞ்சின் வெப்பநிலை முள் நடுவிலேயே நிற்கிறது. ரேடியேட்டரின் பின்னால் இரண்டு ஃபேன்கள் உள்ளன. பெரியது எஞ்சின் சூடானதும் சுற்றுகிறது, ஏசி போட்டவுடன் சுற்ற வேண்டிய சிறியது அசைவதே இல்லை. ஏசி கடையில் கேஸ் குறைவு என்று சொல்லி ஏற்றினார்கள். அதன்பின் நெரிசலில் நிலைமை முன்பைவிட மோசம். இப்போது கம்ப்ரசரையே மாற்ற வேண்டும் என்கிறார்கள். அவ்வளவு செலவு செய்வதற்கு முன் நானே சோதித்துப் பார்க்க வழி உண்டா?

மறுமொழி (கோவை)

ஐயா, கம்ப்ரசரில் இப்போதைக்குக் கை வைக்க விடாதீர்கள். ஓடும்போது குளிர்ந்து, நின்றால் சூடாகும் ஏசியில் முதலில் சந்தேகப்பட வேண்டியது கண்டென்சருக்கு (ரேடியேட்டரின் முன்னால் இருந்து ஏசி கேஸின் சூட்டை வெளியேற்றும் பகுதி) காற்று போகிறதா என்பதைத்தான். வண்டி வேகமாகப் போகையில் எதிர்காற்றே கண்டென்சரைக் குளிர்விக்கிறது. நின்ற இடத்தில் அந்த வேலை முழுவதும் ஃபேனுடையது. ஃபேன் நின்றுவிட்டால், கம்ப்ரசரிலிருந்து கேஸ் வெளியேறும் உயர் அழுத்தப் பக்கத்தில் அழுத்தம், வெயில் நாளில் வழக்கமாக இருக்கும் 200 முதல் 250 பி.எஸ்.ஐ. (அழுத்த அலகு) என்ற அளவைத் தாண்டி ஏறிக்கொண்டே போய், ஏறத்தாழ 400ஐக் கடக்கும்போது பிரஷர் ஸ்விட்ச் கம்ப்ரசரை நிறுத்திவிடும். நீங்கள் கேட்கும் 'டக்' அநேகமாக அதுதான். இந்த நிலையில் கேஸை மேலும் ஏற்றினால் அழுத்தம் இன்னும் சீக்கிரம் உச்சத்தைத் தொடும் என்பதால், அதன்பின் மோசமானதில் வியப்பில்லை. மீட்டர் வைத்துப் பார்க்காமலேயே 'கேஸ் குறைவு' என்று சொல்லும் பழக்கம் பல கடைகளில் இருக்கிறது.

ஓர் எளிய சோதனை: வண்டியை நிறுத்தி எஞ்சினையும் ஏசியையும் ஓடவிட்டு, காற்று சூடானதும் முன்பக்க கிரில் வழியாகக் கண்டென்சர் மீது ஒரு வாளித் தண்ணீரை மெதுவாக ஊற்றுங்கள். உடனே உள்ளே குளிர் திரும்பினால் கம்ப்ரசர் நல்ல நிலையில் இருக்கிறது, குறை காற்றோட்டத்தில் என்று கொள்ளலாம்.

பிறகு ஃபியூஸ் பெட்டியின் மூடியில் உள்ள படத்தைப் பார்த்து, ஏசி ஃபேனுக்கான ஃபியூஸையும் ரிலேயையும் (ஃபேனுக்கு மின்சாரத்தைத் திறந்து மூடும் சிறு ஸ்விட்ச்) கண்டுபிடியுங்கள். ஃபியூஸ் நன்றாக இருந்தால், அதே எண்ணும் அதே கால் அமைப்பும் கொண்ட ஹார்ன் ரிலே இருக்கிறதா என்று பார்த்து, இரண்டையும் இடம் மாற்றிப் போட்டுச் சோதியுங்கள். அதன்பின் ஃபேன் மோட்டாரின் கப்ளரை (வயரை மோட்டாருடன் இணைக்கும் பிளக்) கழற்றி, ஏசி ஓடும் நிலையில் அதன் இரு முனைகளுக்கும் குறுக்கே டெஸ்ட் லேம்ப் வையுங்கள். எச்சரிக்கை: பல கார்களில் எஞ்சின் அணைந்த பிறகும் ஃபேன் தானாகச் சுற்றத் தொடங்கும்; அருகில் கை, சட்டை, துண்டு எதுவும் போகக் கூடாது.

கேள்வி கேட்டவர்

மிக்க நன்றி ஐயா. தண்ணீர் ஊற்றியதும் குளிர் திரும்பியது. ரிலேக்களை மாற்றிப் போட்டேன்; ஹார்ன் ஒலிக்கிறது, ஃபேன் சுற்றவில்லை. கப்ளரில் டெஸ்ட் லேம்ப் பளிச்சென்று எரிகிறது. கப்ளரைத் திரும்ப மாட்டி, ஒரு நீண்ட குச்சியால் மோட்டாரின் பின்புறத்தை மெல்லத் தட்டியபோது ஃபேன் திடீரென்று சுற்றியது. அணைத்துப் போட்டால் மறுபடியும் அசையவில்லை. கார்பன் பிரஷ் (மோட்டாரின் சுழலும் பகுதிக்கு மின்சாரம் கடத்தும் துண்டு) தேய்ந்துவிட்டது என்று எடுத்துக்கொள்ளலாமா?

மறுமொழி (திருச்சி)

பெரும்பாலும் அப்படித்தான். ஆனாலும் மோட்டார் வாங்கும் முன் ஒன்றைப் பார்த்துவிடுங்கள். டெஸ்ட் லேம்ப் அரை ஆம்பியர் கூட இழுக்காது. ஃபேன் மோட்டாரோ 10 ஆம்பியர் அளவுக்கு இழுக்கக்கூடியது. துருப்பிடித்த கப்ளரோ தளர்ந்த எர்த்தோ விளக்கை எரியவிடும், மோட்டாரைச் சுற்றவிடாது. தட்டும்போது கப்ளரும்தானே அசைகிறது? எனவே கப்ளரைக் கழற்றி, நடுவில் ஃபியூஸ் வைத்த கனமான வயர் கொண்டு பேட்டரியிலிருந்து மோட்டாருக்கு நேரடியாக மின்சாரம் கொடுங்கள். பிளஸ், மைனஸ் மாறினால் ஃபேன் எதிர்த்திசையில் சுற்றும், கவனம். அப்படிக் கொடுத்தும் சுற்றவில்லை என்றால் மோட்டார்தான். சுற்றினால் இரண்டொரு முறை எடுத்துக் கொடுத்துப் பார்த்துவிட்டு, வயரிங் பக்கம் திரும்புங்கள்.

கேள்வி கேட்டவர்

நேரடியாகக் கொடுத்தும் சுற்றவில்லை. எலக்ட்ரீஷியன் கழற்றிப் பார்த்ததில் ஒரு பிரஷ் கட்டையாகத் தேய்ந்திருந்தது. புது மோட்டார் போட்டாயிற்று. கப்ளரின் ஒரு பின் பழுப்பேறி இருந்ததால் அதையும் மாற்றச் சொன்னேன். நெரிசலில் இப்போது கம்ப்ரசர் விடுவதில்லை, ஆனால் குளிர் இன்னும் முழுமையாக இல்லை. ஃபேனும் தொடர்ந்து சுற்றாமல் விட்டுவிட்டுச் சுற்றுகிறது. அது சரிதானா?

மறுமொழி (கோவை)

ஃபேன் விட்டுவிட்டுச் சுற்றுவது குறையல்ல. சில கார்களில் கம்ப்ரசர் பிடிக்கும்போது மட்டும் ஃபேன் ஓடும். வேறு சிலவற்றில் அழுத்தத்தைப் பொறுத்து ஓடும். குளிர் குறைவுக்குக் காரணம் அந்த மிகுதிக் கேஸாக இருக்கலாம். பானட்டின் உட்புறத்திலோ அருகிலோ ஒட்டியுள்ள ஸ்டிக்கரில் ஆர்-134ஏ என்ற ஏசி கேஸ் எத்தனை கிராம் என்று இருக்கும். இருக்கும் கேஸை இயந்திரத்தில் மீட்டெடுத்து, வேக்குவம் போட்டு (குழாயிலுள்ள காற்றை உறிஞ்சியெடுத்து), அந்த அளவை எடைபோட்டு ஏற்றித் தரும் கடையாகப் பாருங்கள். காற்றில் திறந்துவிட்டு மீட்டர் முள்ளை மட்டும் பார்த்து ஏற்றுகிறவர்களிடம் போக வேண்டாம். அதே வேளையில் கண்டென்சருக்கும் ரேடியேட்டருக்கும் இடையில் அடைந்திருக்கும் தூசியையும் பூச்சியையும் பின்பக்கத்திலிருந்து குறைந்த விசையில் தண்ணீர் அடித்துக் கழுவச் சொல்லுங்கள். விசை அதிகமானால் மெல்லிய தகடுகள் மடங்கிக் காற்று போகும் வழியே அடைபட்டுவிடும்.